உச்சி இல்லாத ஏற்றம்

முதல் நாள், வியாழன்

கூடாரம் அடித்தாயிற்று. தம்பி வெளியே குட்டி அடுப்பில் அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு எதையோ கிண்டிக்கொண்டிருக்கிறான். காற்று அடுப்பை அணைக்கிறது, அவன் மறுபடி பற்றவைக்கிறான். சாப்பாடு வர நேரமாகும் போலிருக்கிறது. அதற்குள் எழுதிவிடலாம்.

சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் பர்பெக் தீவுக்கு வந்துவிட்டோம். பெயர்தான் தீவு. இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில், கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நிலம், அவ்வளவுதான். வழியில் கோர்ஃப் கோட்டையின் இடிபாடுகள். உள்நாட்டுப் போரின்போது, 1646-இல், நாடாளுமன்றப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. குன்றின்மேல் சாய்ந்து நிற்கும் மதில்கள் இன்றைக்கு விழுமோ நாளைக்கு விழுமோ என்பதுபோலவே இத்தனை நூற்றாண்டுகளைக் கடத்திவிட்டன. தங்கியிருப்பது லாங்டன் மட்ரேவர்ஸ் என்ற கிராமம். வீடு, வேலி, கூரை எல்லாம் ஒரே சாம்பல்நிறக் கல். தெற்கே வயல்களைத் தாண்டி நடந்தால் நிலம் சட்டென்று முடிந்து கடல்.

வந்த காரியம்: கயிறு கட்டாமல், கீழே இருக்கும் கடலை நம்பிப் பாறையில் ஏறுவது. இங்கே இதை டீப் வாட்டர் சோலோயிங் என்கிறார்கள். விழுந்தால் தண்ணீர். தண்ணீர் ஆழமாக இருந்தால் பிழைத்தோம். ஸ்பெயினின் மயோர்காத் தீவில் இதற்குச் சைக்கோபிளாக் என்று பெயர். மிகேல் ரியேரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1978 வாக்கில் அங்கே தொடங்கிவைத்தார்கள். கிறிஸ் ஷார்மா 2006-இல் அதே தீவில், கடலுக்கு நடுவே நிற்கும் எஸ் பொந்தாஸ் என்ற கல் வளைவின் அடிப்பக்கமாகத் தொங்கி ஏறியது உலகப் புகழ். வளைவிலிருந்து கைவிட்டுத் தாவிப் பிடிக்கும் அந்த ஓர் இடத்துக்காக ஐம்பது தடவைக்கு மேல் கடலில் விழுந்தாராம்.

அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு அங்கே என் முகத்தை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டாம். எனக்கு நாற்பத்தொன்று வயது, இடது முழங்காலில் பழைய கோளாறு வேறு. நாங்கள் செய்யப்போவது பக்கவாட்டு நகர்தல். ட்ராவர்ஸ். தண்ணீருக்கு மூன்று, நான்கு மீட்டர் மேலே பாறையை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி போவது. உயரே போக வேண்டிய கட்டாயம் இல்லை. உச்சி என்று ஒன்று இல்லை. போகிறவரை போகலாம்.

இதை நான் முதலில் செய்தது கோவில்பட்டிப் பக்கம், எங்கள் தோட்டத்துக் கிணற்றில். சதுரக் கிணறு, நாலு பக்கமும் கல்கட்டு. அண்ணன்களுக்குப் போட்டி என்னவென்றால், தண்ணீருக்கு மேலே சுவரோடு சுவராக ஒட்டி, கல் இடுக்கில் விரலை நுழைத்து, நாலு சுவரையும் சுற்றி வர வேண்டும். விழுந்தால் தண்ணீர்தானே. அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியானம் ஆளில்லாத நேரத்தில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் செய்வேன். கமலைக்கல்லுக்கு நேர் கீழே ஓரிடத்தில் பாசி பிடித்து வழவழவென்று இருக்கும். எல்லாரும் அங்கேதான் விழுவார்கள். நானும்தான். ஒரு சுற்று முழுதாக முடித்தவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

தம்பி என்று எழுதுகிறேனே தவிர, உடன்பிறந்தவன் இல்லை. மலையேற்றக் கூடத்தில் பழக்கமானவன். வல்வெட்டித்துறைக்காரன். கடலைப் பற்றி நான் வாய் திறந்தால் போதும், “அக்கா, நீங்கள் கிணத்துத் தவளை” என்பான். அவன் சொல்வதில் தப்பும் இல்லை.

சாப்பாடு வந்துவிட்டது. உப்பு இல்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று ஏறியதைவிடப் பார்த்ததும் அளந்ததும்தான் அதிகம்.

காலையில் வயல்வழியாக நடந்து டான்சிங் லெட்ஜுக்கு இறங்கினோம். கடல்மட்டத்தில் ஒரு கல்மேடை, பெரிய கல்யாண மண்டபத்தின் தளம்போல அகலமாகக் கிடக்கிறது. இயற்கை செய்ததில்லை. பழைய கல்குவாரி. இங்கே வெட்டிய கல்லை நேராகப் படகில் இறக்கி எடுத்துப்போனார்கள். கென்ட் கரையிலுள்ள ராம்ஸ்கேட் துறைமுகம் கட்ட இங்கிருந்து கல் போயிருக்கிறது. மேடையின் நடுவில் சின்ன நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் குளிப்பதற்காகப் பாறையை வெடிவைத்துக் குடைந்தது. பெருக்கு வரும்போது கடலே தண்ணீரை மாற்றிவிடும்.

மேடையில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் காலடியில் சுருள்சுருளாக ஒரு தடம், வண்டிச் சக்கர அளவுக்கு. அம்மோனைட். போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல் படிந்த காலத்து உயிர், பதினான்கரைக் கோடி ஆண்டுக்கு மேல் பழசு. பாட்டி வீட்டுப் பூசையறையில் பட்டுத்துணியில் சுற்றிவைத்திருந்த சாளக்கிராமமும் இதே இனம்தான் என்று தம்பியிடம் சொன்னேன். “அப்ப செருப்பைக் கழட்டுங்கோ அக்கா” என்றான். ஏறுகிற சப்பாத்தை மாட்டுவதற்காக எப்படியும் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினேன்.

பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இங்கே வந்ததே அதற்காகத்தான். இந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் கிடைமட்டமாக வெடிப்பு ஓடுகிறது. மேலே போகிறவனுக்கு அது ஓய்வெடுக்கும் இடம். பக்கவாட்டில் போகிறவளுக்கு அதுதான் ரோடு. கீழடுக்குகளில் கருப்பாகச் செர்ட் முண்டுகள் துருத்தியிருக்கின்றன. சிக்கிமுக்கிக் கல்லின் சொந்தக்காரக் கல். சுண்ணாம்புக்கல் ஆள் ஏறி ஏறி வழுக்கிப்போகும், கடலும் அதை நக்கித் தேய்க்கும். செர்ட் தேயாது. மிதித்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், உரசினால் தோலை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் தண்ணீர். ஏறும்முன் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கி அடியைப் பார்த்தே ஆக வேண்டும். மேலிருந்து பார்த்தால் கரும்பச்சையாக ஆழம்போலத் தெரியும் இடத்தில் பாறை ஒன்று ஆளைக் காவு வாங்கக் காத்திருக்கும். இங்கே வழிகளுக்குக் கடினத்தைக் குறிக்கும் எண்ணோடு இன்னொரு குறியும் உண்டு. எஸ்0 என்றால் எப்போது விழுந்தாலும் ஆழம் போதும். எஸ்1 என்றால் பெருக்கு பார்த்துப் போ. எஸ்2 என்றால் எங்கே, எப்படி விழுவது என்று தெரிந்திருக்க வேண்டும். எஸ்3 என்றால் தண்ணீர் இருக்கிறது என்று பெயர்தான்.

பிரிட்டனின் வேறு கரைகளில் இந்தக் கணக்கு தலைவலி. பிரிஸ்டல் கால்வாயில் பெருக்குக்கும் வற்றுக்கும் பதினான்கு மீட்டர் வித்தியாசம் வரும். காலையில் கடல் இருந்த இடத்தில் மத்தியானம் கற்குவியல் இருக்கும். இந்தக் கரையில் பெருக்கே சோம்பேறி. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில்கூட இரண்டு மீட்டருக்குள். அதிலும் ஒரு வேடிக்கை, இங்கே உச்சப் பெருக்கு இரட்டையாக வரும். ஏறி, கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறும். அதனால் நிறைநீர் பல மணி நேரம் நிலைத்து நிற்கிறது. விழுகிறவர்களுக்கு இதைவிட என்ன சலுகை வேண்டும்?

மாலையில் ஒரு சின்னக் குடாவில் கை பழகினோம். பெயர் எழுதப்போவதில்லை. யாரும் இல்லாமல் இருந்தது, இனியும் அப்படியே இருக்கட்டும். இருபது மீட்டர் போய் வந்தோம், விழவில்லை. விழாததால் பயம் குறையவில்லை, கூடித்தான் போயிற்று. முதல் விழுதல் நடந்து முடியும்வரை உடம்பு அதற்காகவே காத்திருக்கிறது.

மூன்றாம் நாள், சனி

நேற்று டான்சிங் லெட்ஜ் அம்மோனைட்டை வண்டிச் சக்கர அளவு என்று எழுதிவிட்டேன். இன்று போகிறபோக்கில் கையால் அளந்து பார்த்தோம். சைக்கிள் சக்கரம்கூட இல்லை. குழந்தைகள் ஓட்டும் சைக்கிள் என்று திருத்திக்கொள்ளவும்.

இன்று கானர் கோவ். டான்சிங் லெட்ஜிலிருந்து கிழக்கே. பர்பெக்கில் இந்த விளையாட்டு வேர்பிடித்த இடங்களில் ஒன்று. ‘காங்கர்’ என்று பெயர்பெற்ற வழி இங்கேதான் இருக்கிறது. காங்கர் என்றால் கடல் விலாங்கு. ‘ஃப்ரீபார்ன் மேன்’ என்பதும் இங்கேதான், அது எனக்கு எட்டாத உயரம். வசந்தத்தில் வந்தால் இந்தப் பாறைகளில் பல பகுதிகளைத் தொடக்கூடாது. கில்லிமாட் முதலான கடற்பறவைகள் முட்டையிடும் காலம். ஜூலை முடியும்வரை தடை. செப்டம்பரில் பறவைகள் கடலுக்குப் போயிருக்கும், கோடை முழுக்க வாங்கிய சூட்டில் தண்ணீரும் ஆண்டிலேயே பொறுக்கக்கூடிய நிலையில் இருக்கும். பதினேழு டிகிரி. பொறுக்கக்கூடியது என்பது இங்கிலாந்துக்காரர்கள் சொல்வது.

மேலே கயிற்றைக் கட்டி, வழுக்கி இறங்கி, கீழ் மேடைக்குப் போனோம். இறங்கிய கயிறு அப்படியே தொங்கட்டும், திரும்ப ஏற அதுதான் வழி. இன்னொரு கயிற்றில் கண்ணி கண்ணியாக முடிச்சுப் போட்டுத் தண்ணீர்மட்டம்வரை தொங்கவிட்டோம். விழுவது சுலபம், வெளியே வருவதுதான் வேலை. கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக்பொடிப் பை ஆளுக்கு இரண்டு, சப்பாத்து இரண்டு ஜோடி, தண்ணீர் புகாத மூட்டையில் துண்டும் மாற்றுடையும் சூடான டீயும். ஒருத்தர் ஏறும்போது மற்றவர் மேடையில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் சமரசம் கிடையாது.

மேடையின் ஓரத்திலிருந்து ஒரு வெடிப்பு இடப்பக்கமாகக் குகையின் வாயை நோக்கிப் போகிறது. முதல் பத்து மீட்டர் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதுபோல. கை நிறையப் பிடி, காலுக்கும் திட்டு. அப்புறம் அடியில் பாறை உள்வாங்கிவிடும், கால் காற்றில் தேட ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் ட்ராவர்ஸின் குணம் தெரிகிறது. மேலே ஏறும்போது ஒவ்வோர் அசைவும் நம்மை எங்கேயோ கொண்டு சேர்க்கிறது, குறைந்தபட்சம் உயரமாவது கூடுகிறது. பக்கவாட்டில் போகும்போது எவ்வளவு போனாலும் அதே உயரம், கீழே அதே தண்ணீர். ஒரு கையை எடுத்து மறு கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அல்லது குறுக்கே கடத்த வேண்டும். குறுக்கே கடத்தினால் உடம்பு கதவு மாதிரி வெளியே திறந்துகொள்ளும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க முன்கைச் சதைக்குள் ரத்தம் ஓடாமல் கல்லாகிவிடும். எனக்கு அது பதினாறாவது மீட்டரில் ஆரம்பித்தது.

பதினெட்டாவது மீட்டரில் பாறை மூக்கு மாதிரி வெளியே நீட்டியிருக்கிறது. வெடிப்பு அங்கே முடிந்துபோகிறது. மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாத பிடியைத் தடவித் தேட வேண்டும். தடவினேன். வழவழவென்று இருந்தது. சட்டென்று கமலைக்கல் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து, எங்கேயோ ஒரு கண்டத்தில், அதே வழவழப்பு.

“விழுறதெண்டால் இப்பவே விழுங்கோ அக்கா, நேராக் குதியுங்கோ!” என்று பின்னாலிருந்து குரல். நல்ல யோசனை. களைத்துப்போய்த் தாறுமாறாக விழுவதைவிட, தெம்பிருக்கும்போதே தானாகக் குதிப்பதுதான் முறை. கால் முதலில், உடம்பு ஊசி மாதிரி, கைகள் மார்போடு. எனக்கும் தெரியும். ஆனால் இன்னும் ஒரு தடவை தடவிப் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து கால் வைத்திருந்த திட்டை நனைத்துவிட்டுப் போனது.

நான்கு மீட்டர்தான். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும் (பத்து மீட்டரிலிருந்து விழுந்தால் ஐம்பது). பக்கவாட்டில் விழுந்ததால் இடது தொடையில் பளாரென்று ஓர் அறை. மூக்கு வழியாகக் கடல் உள்ளே போனது. மேலே வந்ததும் மூச்சு என் சொல் கேட்கவில்லை. குளிர்நீரின் முதல் அடி அப்படித்தான், உடம்பு தானாகவே ‘ஹா ஹா’ என்று காற்றை இழுக்கும். நீந்தப் பார்க்கக்கூடாது, மிதக்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் அடங்கும் என்று படித்திருக்கிறேன். படித்தது உண்மை. மிதந்துகொண்டே பாறையை அண்ணாந்து பார்த்தேன். தண்ணீரிலிருந்து பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி, வெடிப்புகள் கோடு போட்ட நோட்டு மாதிரித் தெரிந்தன.

கண்ணிக் கயிற்றில் ஏறும்போதுதான் தொடை வலி தெரிய ஆரம்பித்தது. இப்போது அது கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது.

தம்பி இரண்டாம் முயற்சியில் மூக்கைத் தாண்டினான். அந்தப் பக்கம் அவன் ‘ஓம்!’ என்று கத்தியது கேட்டது, அடுத்து தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. தாண்டிய சந்தோஷத்தில் கையை விட்டிருக்கிறான். இடுப்பில் கட்டிய பையிலிருந்த சாக்பொடி முழுக்க கடலில் கரைந்து, பச்சைத் தண்ணீரில் பால் ஊற்றியதுபோல ஒரு மேகம். அவன் நடுவில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சிரித்தான்.

மத்தியானம் பெரியவர் ஒருவர் வந்தார், எழுபதை ஒட்டிய வயது. சாயம்போன கால்சட்டை, ஓட்டை விழுந்த சப்பாத்து. எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அதே வெடிப்பில் கிளம்பினார். சந்தையில் காய்கறி பார்த்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஒரு நடை. மூக்கு வந்தது, காணாமல் போனார். பதினைந்து நிமிஷம் கழித்துக் குகைக்கு அந்தப்பக்கப் பாறையில் உட்கார்ந்து பீடி மாதிரி எதையோ சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவந்ததும் டீ கொடுத்தோம். எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்டேன். “கையால் தேடுகிறாய், அதுதான் கோளாறு. அங்கே கைக்கு ஒன்றும் இல்லை” என்றார். மேற்கொண்டு சொல்ல மறுத்துவிட்டார். சொன்னால் கெட்டுப்போகுமாம்.

ஆனால் வேறொரு கதை சொன்னார். கார்ன்வாலில், செனோர் ஊரில், ஏ. டபிள்யூ. ஆண்ட்ரூஸ் என்று ஒருவர் இருந்தார். தன் சகோதரி எல்சியோடு சேர்ந்து 1902-இல் பாசிக்ரான் முகட்டில் கடலிலிருந்து மேலே ஏறியவர், இந்த நாட்டின் கடற்பாறை ஏற்றத்துக்கு முன்னோடி. அவருக்கு ஓர் ஆசை. பிரிட்டன் கரை முழுவதையும் பெருக்குக் கோட்டுக்கும் வற்றுக் கோட்டுக்கும் நடுவிலேயே, பாறையோடு பாறையாக, பக்கவாட்டில் சுற்றிவந்துவிட வேண்டும். பிரிட்டன் பெருநிலத்தின் கரை நீளம் பதினேழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடக்கிற காரியமா? ஆனால் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு சுவர்க் கிணறு பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதானே.

நான்காம் நாள், ஞாயிறு

ஏறவில்லை. இரவே காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் டான்சிங் லெட்ஜ் மேடை முழுக்க நுரை, பையன்களின் குளம் இருந்த இடமே தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் ஆழம் எத்தனை ஆள் மட்டம் இருந்தாலும் உதவாது. விழுந்தவரை அலை பாறையில் கொண்டுபோய்த் தேய்க்கும். கண்ணிக் கயிறு ஒரு நொடி தலைக்கு மேலே இருக்கும், அடுத்த நொடி இடுப்புக்குக் கீழே இருக்கும்.

சரி, நடப்போம் என்று கரைப்பாதையில் கிழக்கே போனோம். ஆன்வில் முனைக் கலங்கரை விளக்கம் (1881, குட்டையாக, வெள்ளையாக, அடக்கமான ஆள்), அதைத் தாண்டி டில்லி விம் குகைகள். குகை என்று பெயர், உண்மையில் பழைய குவாரி. ‘விம்’ என்பது வெட்டிய கல்லைப் படகில் இறக்கிய மரப் பாரந்தூக்கி. படம் போட்டிருந்தார்கள். கமலையைத் திருப்பிப்போட்டால் இதுதான். அங்கே தண்ணீர் மேலே வந்தது, இங்கே கல் கீழே போனது. பாறை உதிர்வதால் 1976-இலேயே உள்ளே போகத் தடை.

டர்ல்ஸ்டனில் பெரிய கல் உருண்டை ஒன்று. 1887-இல் வைத்த பூகோளம், போர்ட்லண்ட் கல்லில் செதுக்கியது, நாற்பது டன். நான் இந்தியாவைத் தேடினேன், தம்பி இலங்கையைத் தேடினான். இரண்டுக்கும் நடுவிலுள்ள கடலை விரலால் மறைத்துவிடலாம்.

அங்கே நின்றபோதுதான் அவன் ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிப் பேசினான். அவன் ஊர்க்காரர். 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, நிற்காமல் திரும்பியும் நீந்தியவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் போனது. தம்பியின் அப்பா சின்ன வயதில் அவரைப் பார்த்திருக்கிறாராம். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அப்பா காலைக்கூட நனைக்கமாட்டார் என்றான். “இதுதான் அந்தக் கடல் எண்டு மட்டும் சொல்லுவார்.” எங்களுக்கு முன்னால் அதே கால்வாய் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, “பசிக்குது அக்கா, ஏதும் சாப்பிடுவம்” என்றான். ஸ்வானேஜில் போய் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். கடற்பறவை ஒன்று தம்பியின் பங்கில் பாதியைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

ஐந்தாம் நாள், திங்கள்

கடல் இறங்கிவிட்டது. முழுக்க இல்லை. மூச்சுவிடுவதுபோல மெதுவாக ஒரு ஏறல், ஒரு இறங்கல். மேடைக்கு இறங்கி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து அலையை எண்ணினோம். ஏழெட்டுச் சின்ன அலை, அப்புறம் இரண்டு பெரிசு, மறுபடி அமைதி. பெரிசு இரண்டும் போனதும் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை இந்தக் கணக்கைப் போடாமல் போனதுதான் என் தப்பு. அலையின் மேல் பழி போட்டு எழுதிவிட்டேன்.

பஸ்கம்பிப் பகுதி, உள்வாங்கிய பகுதி, எல்லாம் பழகிய வீட்டு மாடிப்படி மாதிரி போனது. மூக்குக்கு வந்தேன். கைக்கு ஒன்றும் இல்லை என்று பெரியவர் சொன்னார், சரி, கையை இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். இடுப்புக்குக் கீழே பாறை வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. இன்னும் கீழே, தண்ணீரை ஒட்டி, சனிக்கிழமை நான் மிதந்துகொண்டு அண்ணாந்து பார்த்தபோது கண்ணில் பட்டு மனதில் படாத ஒரு கருப்பு வரி. செர்ட். அலை இறங்கும்போது தெரிகிறது, ஏறும்போது மறைகிறது.

இத்தனை நாளும் தண்ணீரிலிருந்து விலகியே இருக்கப் பார்த்தேன். விழாமல் இருப்பது என்றால் மேலே இருப்பது என்று ஒரு நினைப்பு. ட்ராவர்ஸுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லையே. கையை நீட்டித் தொங்கி, அலை இறங்கும்வரை காத்திருந்து, இடது காலை அந்தக் கருப்பு வரியில் வைத்தேன். நனைந்திருந்தது, ஆனால் பிடித்தது. கணுக்கால்வரை கடல். மறு காலும் வந்தது. இப்போது கைகளுக்கு எடையே இல்லை, பாறையைச் சும்மா சாய்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். மூக்கைச் சுற்றி நான்கு எட்டு. பெரிய அலை முழங்காலுக்கு வந்து போனது. அந்தப் பக்கம் மறுபடி ஒரு வெடிப்பு, உள்ளங்கை முழுக்கப் போகிற அகலத்தில்.

குகைக்குள் சத்தம் வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் உள்ளே போய் எங்கேயோ இடித்துக் கனமாக இருமியது. ஒரு நீர்க்காகம் திட்டில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அலட்சியமாகத் திரும்பிக்கொண்டது. பெரியவர் உட்கார்ந்திருந்த பாறைக்குப் போய்ச் சேர்ந்து நானும் உட்கார்ந்தேன். சுருட்ட ஒன்றும் இல்லாததால் சும்மா உட்கார்ந்தேன். தம்பி பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தான். கீழ்வழியாக இல்லை, மேலே கையால் இழுத்து, அவன் பாணியில். “என்ன அக்கா, சப்பாத்தெல்லாம் ஈரம்? விழுந்தனீங்களோ?” என்றான். நடந்து வந்தேன் என்றேன். நம்பவில்லை.

திரும்பும் வழியில், களைப்பில், அதே மூக்கில் விழுந்தேன். இந்தத் தடவை நேராக, ஊசி மாதிரி. மூக்கைப் பிடித்துக்கொள்ள மட்டும் மறந்துவிட்டேன்.

காரில் உப்பு நாற்றம். பின்கண்ணாடியில் சப்பாத்துகள் காய்கின்றன. தம்பி ஓட்டினான். கோர்ஃபைத் தாண்டியதும் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி மணி பத்தரை. பெரியண்ணன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“என்னம்மா, இந்நேரத்துல? எல்லாம் நல்லாத்தான இருக்கீக?”

“நல்லாருக்கோம்ணே. நம்ம கெணத்துல இப்ப தண்ணி எவ்வளவு கெடக்கு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ரெண்டாள் மட்டம் கெடக்கும். எதுக்குக் கேக்குற?”

“கமலைக்கல்லுக்குக் கீழ, தண்ணிய ஒட்டி, ஒரு கல்லு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்ல?”

“இருட்டுல போயிப் பாக்கச் சொல்றியா? காலைல பாத்துச் சொல்றேன், போன வையி.”